குப்பையை அள்ளினால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

பயோமைனிங், அதாவது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை முடிந்தால், சென்னை பெருங்குடி குப்பைமேட்டில் நிலத்தடி நீர்ப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபமில்லைங்க. பெருங்குடி, கொடுங்கையூர் என்ற சென்னையின் இரண்டு குப்பைமேடுகளுமே அடியில் லைனர் (கசிவைத் தடுக்கும் விரிப்பு) விரிக்காமல் கொட்டிய இடங்கள். பல வருஷ மழையில் இறங்கின குப்பைச்சாறு மண்ணுக்குள் போயாச்சு. மேலே இருப்பதை அள்ளினால் அதுவும் கூடவே வந்துவிடாது.

குப்பைமேட்டு எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரை கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று சோதிக்கச் சொல்லியிருந்தன 2016 திடக்கழிவு விதிகள். சரி, எந்தப் பக்கத்துக் கிணற்றில்? டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மட்டும் பார்த்தால் 'கடல் பக்கம், உப்பு இருக்கத்தான் செய்யும்' என்று சொல்லித் தப்பிக்கலாம். கடல்நீர் புகுந்தால் குளோரைடு ஏறும். அம்மோனியாவும் சி.ஓ.டி.யும் (நீரிலுள்ள கரிமக் கழிவைக் காட்டும் அளவு) சேர்ந்து எகிறினால் சந்தேகம் குப்பை மேல்தான். செப்டிக் டேங்க் கசிவும் அப்படிக் காட்டும் என்பார்கள், உண்மைதான். அதற்குத்தான், ஒப்பிட்டுப் பார்க்க, நிலத்தடி நீரோட்டத்தின் மேல்பக்கம் ஒரு கிணறு, கீழ்ப்பக்கம் இரண்டு மூன்று வேண்டும் என்பது. போர்வெல்லில் தேங்கிக் கிடப்பதை இறைத்துக் கொட்டி, பி.எச். அளவு நிலைத்த பிறகுதான் பாட்டிலில் பிடிக்கணும்.

பெருங்குடி குப்பைமேட்டை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலத் தண்ணீர் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. அங்கே ஐப்பசியின் முதல் பெருமழையிலேயே மாதிரி எடுக்கட்டும். வெள்ளம் ஓடி நீர்த்துப்போன பிறகு எடுத்தால் எல்லாம் 'நார்மல்'தான்! தண்ணீர் சோதனை ரிப்போர்ட்டோடு கிணறுகள் இருக்கும் இடத்தின் வரைபடத்தையும் கட்டுரை எழுதிய நிருபர் கேட்டு வாங்கிப் போட்டிருக்கலாம்.