ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜாவா?

“ஐந்து இலை வந்தால் பூக்கும், ஏழு இலை வந்தால் காட்டுக்கிளை, உடனே வெட்டுங்கள்” என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காட்டுக்கிளை என்றால், ஒட்டுச்செடியில் அடியிலிருக்கும் வேறொரு ரோஜாவின் (வேர்ச்செடியின்) வேரிலிருந்து முளைக்கும் கிளை. அந்தத் தகவல் தவறு.

ஒரே செடியில், ஓர் இலைக்கு மூன்று, ஐந்து, ஏழு எனச் சிற்றிலைகள் கலந்தே வரும். நன்கு வளரும் கிளையில் ஏழு இருப்பது சாதாரணம். ருகோசா வகைகளில் ஒன்பதுகூட உண்டு. வேர்ச்செடியாகப் பயன்படும் ‘டாக்டர் ஹியூயி’ (Dr. Huey) ரோஜாவோ ஐந்து சிற்றிலையோடும் வரும். எண்ணிக்கையை நம்பினால் அதைத்தான் பத்திரமாக வளர்ப்பீர்கள்!

பார்க்க வேண்டியது கிளை பிறக்கும் இடம். அடிமண்ணை விரலால் விலக்கி, தண்டில் முடிச்சுபோல் புடைத்திருக்கும் ஒட்டுப் பகுதியைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேலே கிளம்பியது நல்ல கிளை; தடித்துச் செந்நிறமாக வரும் அந்த அடித்தளிர்தான் அடுத்த சில ஆண்டுகளுக்குப் பூ தரும். தகவலை நம்பிப் பலர் வெட்டி எறிவது இதைத்தான். ஒட்டுக்குக் கீழே, வேரிலிருந்து வந்தால் மட்டும் நீக்குங்கள். கத்தரிக்கோல் வேண்டாம்: மண்மட்டத்தில் வெட்டினால் அடியில் தங்கும் மொட்டுகளிலிருந்து பல கிளைகள் வெடிக்கும். கிளையை அடியோடு பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள்.

குச்சி நட்டு வேர்பிடித்த செடியா? அதில் ஒட்டே இல்லை, காட்டுக்கிளைக்கும் வாய்ப்பில்லை.