அசல் அசல் என்று அடித்துக்கொள்கிறவர்களுக்கு

நேற்று நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். டைனகோ ஸ்டீரியோ 70 என்கிற பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரின் டிரைவர் போர்டை (பவர் வால்வுகளுக்குச் சிக்னலைத் தயார் செய்து தரும் சர்க்யூட் பலகை) மாற்றியதற்கு "இது கொலை" என்று ஒருவர் எழுத, லைக் குவிந்தது. அவரோடு பல வருடப் பழக்கம். ஏன் மாற்றினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆம்ப் பாடுவதற்காக இருக்கிறது. அவ்வளவுதான் என் கட்சி.

1959-இல் வந்த இதைப் பலர் கிட்டாக, அதாவது பூட்டாத பாகங்களாக வாங்கி, வீட்டு மேசையில் வைத்துத் தாங்களே சால்டர் அடித்தார்கள். என்னுடையதைப் பூட்டிய புண்ணியவான் பெரிய அவசரக்காரர், ஜாயிண்டைப் பார்த்தாலே தெரிகிறது. இதில் எந்தக் கை அசல்? டிரைவர் போர்டு மட்டும் கம்பெனியிலேயே தயாராகி வந்தது, அதைத்தானே கழற்றினாய் என்பீர்கள். கழற்றினேன், உடைக்கவில்லை. எல்லாம் அதே திருகு ஓட்டைகள். நாளைக்கே திரும்ப மாட்டலாம்.

அந்தப் பழைய போர்டில் சேனலுக்கு ஒரு 7199 வால்வு, ஒரே கண்ணாடிக்குள் பென்டோடு, ட்ரையோடு என்று இரண்டு வால்வுகள். அதில் பென்டோடு பாதி சிக்னலைப் பெருக்கும். ட்ரையோடு பாதி அதை ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டாகப் பிரித்து ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்34 பவர் வால்வு ஜோடிக்கு அனுப்பும். அழகான சிக்கனம், மறுக்கவில்லை. ஆனால் நல்ல 7199-க்கு எங்கே போவது? "பயன்படுத்தாத பழைய சரக்கு" என்று ஒருவரிடம் யானை விலை கொடுத்து வாங்கினேன். பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்தது. அதே இரட்டை வேலையைச் செய்யும் 6ஜிஎச்8ஏ வால்வோ பழைய கலர் டிவிக்களில் ஏராளமாக இருந்தது, இன்றும் மலிவு. 2, 6, 7-ஆம் பின்கள் வேறு என்பதால் நேரே செருக முடியாது. அதற்காகத்தான் புதுப் போர்டு.

டிரைவரை மாற்றினால் ஃபீட்பேக் (வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிடுவது) குழம்பி, ஆம்ப் தானாகவே ஊளையிட்டு ஆசிலேட் ஆகலாம் என்று ஒரே ஒருவர் எழுதினார். நியாயம். ஆசிலாஸ்கோப்பில் 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை விட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மற்றவர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. "இனிமை போச்சு" என்கிறார்கள். படத்தைப் பார்த்தே காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது!

கொலை என்றவரிடம் ஒன்று கேட்டேன்: உங்கள் ஆம்பில் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் பவர் வால்வில் ஓடும் கரண்ட், எவ்வளவு? இருக்க வேண்டியது ஒவ்வொரு சேனலிலும் 15.6 ஓம் ரெசிஸ்டரில் 1.56 வோல்ட், அதாவது அந்தச் சேனலின் இரண்டு ஈஎல்34-க்கும் சேர்த்து 100 மில்லிஆம்ப். மல்டிமீட்டர் வைத்தால் ஒரு நிமிட வேலை. இதுவரை பதில் இல்லை. ஈஎல்34-ஐ மாதத்துக்கு ஒரு பிராண்டாக மாற்றி "மேடை விரிகிறது, குரல் நெருங்குகிறது" என்று எழுதத் தெரிகிறது. டிரைவருக்கும் ஈஎல்34-க்கும் நடுவே சிக்னலை மட்டும் விட்டு டிசி வோல்டேஜைத் தடுக்கும் அசல் கப்ளிங் கப்பாசிட்டர் கசிந்தால், டிரைவரின் வோல்டேஜ் ஈஎல்34-இன் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கே போய், உள்ளே பிளேட் சூடேறிச் சிவந்து, டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகும். அப்போது யார் கொலைகாரர்?

மனசு வலிக்கத்தான் செய்கிறது. இதே நண்பர் இன்று காலை இன்பாக்ஸில் வந்து, கழற்றிய 7199 இரண்டையும் தருவாயா, என்ன விலை என்கிறார். தர மாட்டேன்.