விசில் அடிக்காத கண்டக்டர்

(கோவையில் ஒரு பேக்கரி வாசல். பழனிசாமி, 31 வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய அக்கா மகன் பிரபு, லேத் பட்டறைக்காரன். கார் ரேஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.)

பழனிசாமி: கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறதே மாப்ளே, பட்டறையில் நைட் ஷிப்டா?

பிரபு: பழைய பார்முலா ஒன் பார்த்துக்கொண்டிருந்தேன் மாமா. 2016, அஜர்பைஜானில் பாகு நகரத் தெருக்களில் நடந்த ரேஸ். ஹாமில்டன் என்ற டிரைவருக்கு ஏதோ செட்டிங் தப்பாகி இன்ஜின் இழுக்கவில்லை. எதைத் திருப்புவது என்று ரேடியோவில் கேட்கிறார், கெஞ்சுகிறார். இன்ஜினியர் அதை மட்டும் சொல்லவே இல்லை.

பழனிசாமி: ஏன், சம்பள பாக்கியா?

பிரபு: விதி மாமா. டிரைவர் யார் உதவியும் இல்லாமல் தானே ஓட்ட வேண்டும். அதனால் அந்த வருஷம் ரேடியோவில் யோசனை சொல்லத் தடை.

பழனிசாமி: ஸ்டியரிங்கில் எத்தனை பட்டன்?

பிரபு: திருகு, பட்டன் எல்லாம் சேர்த்தால் இருபதுக்கு மேல்.

பழனிசாமி: எனக்கு ஹாரன் ஒன்றுதான். மழை பெய்தால் அதுவும் தானாக அடிக்கும். அங்கே ரெண்டு பக்கமும் சுவர், முந்நூறு கிலோமீட்டர் வேகம், அதில் குனிந்து திருகைத் தேடணுமா? கண்டக்டர் விசில் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தால் நான் ஸ்டாண்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன்.

பிரபு: அடுத்த மாதம் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் ரேஸில், ஹாமில்டன் டீமின் இன்னொரு டிரைவர் ரோஸ்பெர்க் வண்டிக்கு ஏழாவது கியர் மக்கர். ‘ஏழைத் தவிர்’ என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். பத்து வினாடி தண்டனை. ரெண்டாவதாக வந்தவர் மூன்றாவதாகிவிட்டார்.

பழனிசாமி: விசில் அடித்தது கண்டக்டர், பைன் டிரைவருக்கா?

பிரபு: அதே ஜூலையில் அந்தத் தடையையே தூக்கிவிட்டார்கள், அது வேறு கதை. ஆனால் என் கட்சி தடைதான் மாமா. உதவி எதுவும் இருக்கக் கூடாது. 1993 வில்லியம்ஸ் டீம் வண்டியில் டயர் வழுக்கிச் சுழன்றால் கம்ப்யூட்டரே இன்ஜினை அடக்கிவிடும். டிராக்‌ஷன் கண்ட்ரோல். மறு வருஷமே தடை.

பழனிசாமி: பர்லியாறு வளைவில், ஐப்பசி மழையில், எனக்கு அந்த வேலையை வலது கால் கட்டைவிரல் செய்தது.

பிரபு: அதைத்தான் சொல்கிறேன்! அதுதான் திறமை. ஆனால் தடைக்குப் பிறகும் யார் அந்தக் கண்ட்ரோலைத் திருட்டுத்தனமாக வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. 2001-ல் ‘சரி, வைத்துத் தொலையுங்கள்’ என்று அனுமதித்தார்கள். 2008-ல் எல்லா வண்டிக்கும் ஒரே கம்ப்யூட்டர் பெட்டி கொடுத்துத்தான் ஒழித்தார்கள்.

பழனிசாமி: பெட்டி யார் செய்தது?

பிரபு: மெக்லாரன்... அதுவும் ரேஸில் ஓடும் டீம்தான். அதாவது, அந்தக் குழுமத்தின் இன்னொரு கம்பெனி.

பழனிசாமி: கேள்வித்தாளை டியூஷன் வாத்தியாரே அச்சடித்த மாதிரி.

பிரபு: நீங்கள் வேற. 1991-ல் பிரேசில் ரேஸில் டிரைவர் சென்னா என்ன செய்தார் தெரியுமா? கியர் ஒவ்வொன்றாகப் போய், கடைசிச் சுற்றுகளில் ஆறாவது மட்டும் மிச்சம். அதிலேயே ஓட்டி ஜெயித்தார். வண்டியிலிருந்து அவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

பழனிசாமி: எனக்கு ரெண்டாம் கியர் நிற்காது. கையை எடுத்தால் நியூட்ரல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை கியர் ராடை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி, வலது கையாலேயே வளைவெல்லாம் திருப்பினேன்.

பிரபு: உங்களையும் தூக்கித்தான் இறக்கினார்களா?

பழனிசாமி: அட போப்பா. நானே இறங்கிப் போய் கம்ப்ளெயின்ட் நோட்டில் எழுதினேன். பக்கத்திலேயே ‘வண்டி நன்றாக இருக்கிறது’ என்று எழுதி மெக்கானிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

(டீக்குக் காசு கொடுத்துவிட்டு இருவரும் காருக்கு வருகிறார்கள். பிரபு சாவி போட்டு ரிவர்ஸ் எடுக்கிறான்.)

பிரபு: மாமா, பின்னால் நின்று கொஞ்சம் சொல்லுங்கள். கேமரா போன மழையிலேயே போய்விட்டது.

(பழனிசாமி பின்னால் போய் நிற்கிறார். கையைக் கட்டிக்கொள்கிறார்.)

பிரபு: வரலாமா?

(பதில் இல்லை.)

பிரபு: மாமா! வரலாமா?

(டமால். பேக்கரிக்காரரின் பால் கேன் ஒன்று உருண்டு ரோட்டைக் கடக்கிறது.)

பிரபு: ஐயோ, எதை இடித்தேன்?

பழனிசாமி: சொன்னால் பத்து வினாடி போய்விடுமே மாப்ளே.