ஒட்டின எழுத்தின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்

நிறம் மங்கிப்போன ஸ்டிக்கர் எழுத்தின் மேல் ஒரு கோட் எனாமல் அடித்தால் போர்ட் புதிதாகிவிடும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். "அண்ணே, முழுசா மாத்த வேண்டாம், இதுக்கு மேலயே சிவப்பு ஒண்டு அடிச்சு விடுங்கோ" என்று கேட்காத கடைக்காரர் குறைவு. வேலை செய்யும் தம்பிமாரும் சரி என்று அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். ஸ்டிக்கர் எழுத்து வெட்டும் வைனைல் தாள் பெயின்ட் தாங்கும் பொருள் இல்லை. ஆனால் அதே வைனைலை அச்சாக (ஸ்டென்சிலாக) வைத்துப் பலகையில் பெயின்ட் அடித்தால், திருகோணமலை வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் அதைப்போல நிற்கும் எழுத்து வேறு இல்லை. இத்தனை வருடம் போர்ட் வேலையில் கிடந்து பார்த்ததில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஏன் பிடிக்காது? வைனைல் என்று நாங்கள் சொல்வது பிவிசி என்ற பிளாஸ்டிக். பிவிசி தன்னளவில் விறைப்பானது. தண்ணீர்க் குழாய் செய்வதும் அதில்தான். அதை வளைந்து ஒட்டும் மெல்லிய தாளாக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள், பிளாஸ்டிசைசர் என்று பெயர். விலை குறைந்த தாளில் இது உள்ளேயே இருந்துவிடாது. வெயில் ஏற ஏற மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வரும். அதன்மேல் எனாமல் அடித்தால் பெயின்டுக்குள்ளும் அது ஏறும். காய்ந்ததுபோல் இருந்த எழுத்து சில கிழமையில் விரலில் பிசுபிசுக்கும், வீதித் தூசியெல்லாம் அதில் ஒட்டும், பிறகு தோல் தோலாக உரியும். போதாததற்கு எனாமலில் கலந்திருக்கும் தின்னர் தாளை ஊறவைத்து விளிம்பைச் சுருட்டிவிடும். சுருண்ட விளிம்புக்குள் மழைத்தண்ணீர் போனால் எழுத்தின் கதை முடிந்தது.

தாளிலும் இரண்டு சாதி உண்டு. உருளைகளுக்கிடையில் நசுக்கித் தட்டையாக்கியது கலண்டர்ட். திரவமாக ஊற்றிக் காயவைத்து எடுப்பது காஸ்ட். முதலாவது 70, 80 மைக்ரோன் தடிப்பு, இரண்டாவது 50 மைக்ரோன் அளவில் மெல்லியது. கலண்டர்ட் தாளை இழுத்து நசுக்கிச் செய்வதால் அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், சுருங்கும். பழைய போர்ட்களில் எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து சுருங்கி உள்ளே போக, வெளியே தெரியும் பசையில் ஒட்டிய அழுக்குத்தான் அது. காஸ்ட் தாள் அப்படிச் சுருங்காது, ஆனால் விலை அதிகம். சாதாரண போர்ட்டுக்கு யாரும் அதைப் போட்டுக் கொடுப்பதில்லை. தாளின் பெட்டியில் 3 வருடம், 5 வருடம் என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள். அது பெரும்பாலும் குளிர்நாட்டு வெயிலில், நேராக நிற்கும் பலகைக்குச் சொன்ன கணக்கு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலைப் பார்த்து நிற்கும் விடுதிப் பலகைக்கு அது பொருந்தாது. மே மாதம் தொடங்கிக் கச்சான் காற்று அனலாக அடிக்கும், ஒக்டோபரிலிருந்து வாடையும் மழையும், இடையில் வருடம் முழுக்க உப்பு. சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும்.

இதிலே தமிழ் எழுத்துக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. புள்ளி. ஒரு அடி உயர எழுத்துக்குப் புள்ளி ஒரு சின்ன வட்டம்தான். பலகையில் அதைப் பிடித்து வைத்திருக்கும் பசையும் அந்த அளவுதான். மூலை ஒன்று உப்பில் கிளம்பினால் அடுத்த காற்றுக்கு முழுவதும் போய்விடும். மும்மொழிப் பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் நல்லபடி இருக்க, தமிழ் வரி மட்டும் புள்ளி உதிர்ந்து, மெய்யெல்லாம் உயிர்மெய்யாகி நிற்பதை எங்கள் பிரதான வீதியிலேயே காட்டுவேன். சிங்கள எழுத்து வளைந்து வளைந்து போவது, தாளுக்கு அது வசதி. எங்கள் ட, ப போன்றவற்றின் கூரான மூலைதான் முதலில் கிளம்பும். கட்டாயம் ஒட்டத்தான் வேண்டும் என்றால், வெட்டுவதற்கு முன் கணினியிலேயே மூலைகளைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், புள்ளியைப் பெரிதாக்குங்கள். பாமினி எழுத்துருவில் வரும் புள்ளியை அப்படியே அனுப்பாதீர்கள். அத்தோடு, தமிழ் வரி நீளம் என்பதற்காக அதை நசுக்கிப் பொடி எழுத்தாக்கி மூலையில் தள்ளும் பழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள். எழுத்து மெலிந்தால் ஒட்டும் பரப்பும் குறையும்.

சரி, சரியான வழிக்கு வருவோம். ஸ்டிக்கர் வெட்டும் மெசின் அதேதான், வெட்டுவதும் அதேதான். வெட்டியபின் எழுத்தை எடுத்து எறிந்துவிட்டுச் சுற்றியுள்ள தாளை வைத்துக்கொள்கிறோம். அதைப் பலகையில் ஒட்டி, ஓட்டை வழியே பெயின்ட் அடித்து, தாளை உரித்துவிடுகிறோம். முன்பு தகரத்தில் வெட்டிய அச்சில் க, த, வ போன்ற எழுத்துகளின் வளையம் விழாமலிருக்க நடுவில் பாலம் விட வேண்டும், எழுத்து துண்டு துண்டாகத் தெரியும். வைனைல் அச்சில் அந்தத் தொல்லை இல்லை. வளையத்துக்குள் இருக்கும் துண்டும், வெட்டிய தாளை அப்படியே தூக்கிப் பலகைக்கு மாற்றும் டிரான்ஸ்பர் டேப்போடு சேர்ந்து தன் இடத்துக்கே வந்து உட்காரும்.

பலகையில்தான் பாதி வேலை. புதுக் கல்வனைஸ் தகரத்தில் எனாமலை நேரே அடிக்கக்கூடாது. எனாமலில் உள்ள எண்ணெய்க்கும் துத்தநாகத்துக்கும் ஒத்துவராது, கொஞ்ச நாளில் அடியில் சவர்க்காரம்போல் ஆகிக் கழன்றுவிடும். அதற்கென்று உள்ள பிரைமரை, அதாவது அடிப்பூச்சைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத் தகடு ஒட்டிய கிளாடிங் சீட் என்றால் பளபளப்புப் போக 400 நம்பர் சாண்ட்பேப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். பின்னணி நிறத்தை அடித்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். தொட்டால் காய்ந்திருப்பது வேறு, உள்ளே இறுகியிருப்பது வேறு. அவசரப்பட்டு அச்சை ஒட்டினால், உரிக்கும்போது பின்னணியும் சேர்ந்து வரும். ஸ்டென்சிலுக்கென்றே பசை குறைந்த தாள் இருக்கிறது. ஓராமாஸ்க் 813 அப்படியானது, ஊடே தெரிவதால் நேராக வைக்கவும் சுகம். அது கிடைக்காவிட்டால் மலிவான சாதாரண வைனைல் போதும், ஆனால் அன்றைக்கே உரித்துவிட வேண்டும்.

அடுத்ததைக் கவனமாகக் கேளுங்கள், பலர் தோற்பது இங்கேதான். அச்சை ஒட்டி விளிம்பையெல்லாம் அழுத்தியபின், எழுத்து நிறத்தை உடனே அடிக்காதீர்கள். முதலில் பின்னணி நிறத்தையே ஓட்டைகளின் விளிம்பில் மெல்லியதாக ஒரு தடவை பூசிக் காயவிடுங்கள். தாளுக்கும் பலகைக்கும் இடையில் எங்காவது இடுக்கு இருந்தால் அந்த நிறம் உள்ளே போய் அடைத்துவிடும். நீலப் பலகையில் நீலம் கசிந்தால் யாருக்குத் தெரியும்? அதன்பின் வெள்ளையை அடித்தால் கசிய வழியே இல்லை, பிளேட்டால் வெட்டியதுபோல் விளிம்பு வரும். தடிப்பாக ஒரு கோட் வேண்டாம், மெல்லியதாக இரண்டு. இரண்டாவது கோட் விரலில் ஒட்டாமல், ஆனால் இன்னும் இளக்கமாக இருக்கும்போதே தாளை உரியுங்கள். மேல்நோக்கி இழுக்காமல், தாளைப் பின்னுக்கு மடித்துப் பலகையோடு ஒட்டினாற்போல் மெதுவாக. முழுவதும் இறுகியபின் உரித்தால் விளிம்பு பல்லுப் பல்லாக உடையும்.

ஸ்டிக்கரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவில் உட்பக்கமாக ஒட்டுவதற்கும், மாதாமாதம் மாறும் விலைப்பட்டியலுக்கும் அதுதான் சரி. வாகனத்துக்கு காஸ்ட் தாள் போடலாம். வெளியில், கடற்பக்கம், பல வருடம் நிற்க வேண்டிய பெயருக்குத்தான் பெயின்ட் என்கிறேன். எங்கள் வள்ளக்காரர்கள் பலர் பெயரையும் பதிவு இலக்கத்தையும் இன்றைக்கும் பெயின்டில்தான் எழுதுவிக்கிறார்கள். உப்பை அவர்களைவிட அறிந்தவர் யார்?

பெயின்டுக்கு இன்னொரு நன்மை, மங்கினால் அதன்மேலேயே திரும்ப அடிக்கலாம். லேசாகத் தேய்த்து, துடைத்து, அதே எழுத்தின்மேல் ஒரு கோட். தூரிகை பிடிக்கத் தெரிந்த பழைய ஆட்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பிளெக்ஸும் ஸ்டிக்கரும் வந்தபின் அவர்களைக் கூப்பிடுவார் இல்லை. வெட்டும் மெசினும் அவர்கள் கையும் சேர்ந்தால் எப்படியான போர்ட் வரும் என்று யோசித்துப் பாருங்கள். மெசின் வைத்திருக்கும் தம்பிமார் அவர்களைத் தேடிப் போய் வேலை கொடுங்கள், பக்கத்தில் நின்று பழகுங்கள்.

ஏற்கெனவே ஒட்டியிருப்பது மங்கிவிட்டால் என்ன செய்வது? தலைமுடி காயவைக்கும் டிரையரால் சூடுகாட்டி எழுத்தை உரியுங்கள். மிஞ்சும் பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, தேய்த்துப் பின்னணியிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாள் வேலை கூடும், கூலியும் கூடும், உண்மைதான். கொடுங்கள். செய்வதென்றால் மழைக்கு முன், செப்டெம்பருக்குள் செய்விப்பது நல்லது. நவம்பர் ஈரத்தில் எந்த எனாமலும் ஒழுங்காகக் காயாது.