மினி டிராக்டருக்கு ஒரு மூன்றாவது கண்

டிராக்டருக்கு ரிவர்ஸ் கேமரா, அதாவது பின்னால் இருப்பதை ஸ்கிரீனில் காட்டும் கேமரா, மாட்டுவது அரை மணி நேர வேலையாம். எதற்கு? காருக்கு, டிராக்டருக்கு இல்லை! சிவப்பு ஒயரை ரிவர்ஸ் லைட்டில் கொடுக்கச் சொல்கிறது கூடவே வந்த காகிதம். என் மினி டிராக்டரில் ரிவர்ஸ் லைட்டே கிடையாது சாமி, எங்கே கொடுப்பேன்? சரி, சாவியிலிருந்து 12 வோல்ட் எடுத்தாயிற்று. அடுத்து ஒயர். சைலன்சர் பக்கம் போனால் உருகும். பின்னால் லிங்கேஜ் (கருவியைத் தூக்கும் கைகள்) பக்கம் போனால், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் தூக்கும்போது நசுங்கும். கேமரா ஒயரை ஸ்கிரீனோடு இணைக்கும் அந்த மஞ்சள் பின்னோ, டேப் சுற்றினாலும் அதிர்வில் தானே கழன்றுகொள்கிறது.

அப்புறம் அந்த 7 அங்குல ஸ்கிரீன். வண்டிக்குக் கேபினும் இல்லை, கூரையும் இல்லை. உச்சி வெயிலில் அதில் தெரிவது என் மூஞ்சிதான், வியர்வையோடு! தண்ணீர் புகாத கேமரா என்று பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். புகவில்லைதான். ஆனால் ரோட்டவேட்டர் கிளப்பும் செம்மண் லென்ஸில் அப்பினால் என்ன தெரியும், செவ்வாய் கிரகமா? ஒவ்வொரு சால் முடிவிலும் இறங்கித் துண்டால் துடைக்கணும். இறங்கினால் பின்னால் இருப்பது நேரிலேயே தெரிகிறதே, கேமரா எதற்கு? இதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பார்க்கிங் கோடு வேறு. தென்னந்தோப்புக்குள் எந்த மாலில் நிறுத்தப் போகிறேனாம்?