38 வயது ஹோம்ஸ் விழுவதை எத்தனை நாள்தான் காட்டுவீர்கள்?

முந்தாநாள் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. குத்துச்சண்டையின் பழைய ஹெவிவெயிட் சாம்பியன்கள் அவரவர் உச்சத்தில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று ஜோடி ஜோடியாகப் போட்டு ஓட்டெடுப்பு நடத்தினார்களே, அதைத்தான் சொல்கிறேன். மைக் டைசனுக்கு எதிரில் லாரி ஹோம்ஸ். ஹோம்ஸ் ஏன் ஜெயிப்பார் என்று மெனக்கெட்டு எழுதியிருந்தேன். முதலில் வந்த பதிலில் ஒரு வார்த்தைகூட இல்லை. 1988 ஜனவரி 22, அட்லாண்டிக் சிட்டி, நான்காவது ரவுண்டில் ஹோம்ஸ் விழுகிற கிளிப். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். 'அதான் நிஜத்திலேயே நடந்துடுச்சே, அப்புறம் என்ன கற்பனை?' என்று ஒரு நண்பர். விவாதம் அதோடு முடிந்துவிட்டதாம்.

எனக்கு முடியவில்லை.

'உச்சத்தில்' என்று தலைப்பில் போட்டது நீங்கள்தானே? அந்தக் கிளிப்பில் இருக்கிற ஹோம்ஸுக்கு வயது 38. 1986 ஏப்ரலில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் இரண்டாவது முறை தோற்ற பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் அவர் ஒரு சண்டைகூடப் போடவில்லை. எதிரில் நின்ற டைசனுக்கு 21 வயது. ஹெவிவெயிட் வரலாற்றிலேயே யாரும் எதிரில் நிற்கப் பயந்த 21 வயது. இதை வைத்து உச்சத்துக் கணக்கை எப்படி முடிப்பீர்கள்?

இப்போது இன்னொரு தேதி சொல்கிறேன். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். முகமது அலிக்கும் அன்று 38 வயது. அவரும் இரண்டு வருடம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். எதிரில் ஹோம்ஸ். பத்து ரவுண்ட் அலி வாங்கிக்கொண்டே இருந்தார், மூன்று நடுவர்களும் பத்து ரவுண்டையும் ஹோம்ஸுக்கே கொடுத்திருந்தார்கள். கடைசியில் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போதும் என்று நிறுத்தினார். இந்தக் கிளிப்பைப் போட்டு, 'ஹோம்ஸ் நிஜத்திலேயே அலியை அடித்துவிட்டார், அலி காலி' என்று யாராவது எழுதியிருக்கிறீர்களா? நானும் எழுதமாட்டேன். எழுதினால் நீங்களே என்னைக் கிழித்துத் தொங்கவிடுவீர்கள். 'அது அலியே இல்லை, வயசான அலி' என்பீர்கள். நியாயம்தான். அதே வயது, அதே இரண்டு வருட இடைவெளி. அலிக்குக் கொடுக்கிற நியாயத்தை ஹோம்ஸுக்கு ஏன் கொடுப்பதில்லை? நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

1951-இல் 37 வயது ஜோ லூயிஸை ராக்கி மார்சியானோ எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். அதை வைத்தும் யாரும் லூயிஸை மட்டம் தட்டுவதில்லை. லூயிஸுக்கு ஒரு நியாயம், அலிக்கு ஒரு நியாயம், ஹோம்ஸ் என்றால் மட்டும் கிளிப்.

சரி, நிஜத்தில் நடந்ததே கடைசி வார்த்தை என்று சொல்பவர்களுக்காக இன்னொன்று. 1973 ஜனவரியில் ஜார்ஜ் ஃபோர்மேன், ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளினார். அந்த ஃப்ரேசியர்தான் 1971-இல் அலியை வென்றவர். 1973 மார்ச்சில் கென் நார்டன் அலியின் தாடையை உடைத்தார். அடுத்த வருடமே அந்த நார்டனையும் ஃபோர்மேன் இரண்டு ரவுண்டில் முடித்தார். இந்தக் கணக்குப்படி 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி உயிரோடு திரும்பியிருக்கவே கூடாது. எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மேன். யாரை யார் அடித்தார் என்று கோடு போட்டு இணைத்தால் விடை வராது. யாருடைய பாணி யாருக்கு ஒத்துவராது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு முழுச் சண்டை பார்க்கிற பொறுமை வேண்டும்.

பாணி என்று சொல்லும்போது ஹோம்ஸின் ஜாப், அதாவது முன் கையை நேராக நீட்டி விடுகிற குத்து, அதைப் பற்றிப் பேசாமல் முடியாது. கொஞ்ச காலம் நான் குத்துச்சண்டை கற்றுக்கொண்டது சிலருக்குத் தெரியும். நான் குள்ளம். சின்ன வயதிலிருந்தே டைசன் பைத்தியம். தலையை ஆட்டி ஆட்டி உள்ளே புகுந்து அடிப்பதுதான் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் கோச் என்னை ஒரு நெட்டையனோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டைக்கு விட்டார். அவன் பலசாலி ஒன்றும் கிடையாது. இடது கையை மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தான். முதல் குத்து மூக்கின் மேல். வலியைவிட, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது பாருங்கள், அதுதான் கொடுமை. துடைக்க முடியாது, கையில் கிளவ்ஸ். கலங்கலாக அவன் தோள் அசைவது தெரியும், அதற்குள் அடுத்தது வந்திருக்கும். தலையை ஆட்ட நினைக்கிறேன், ஆட்டுகிற பக்கமே கிளவ்ஸ் காத்திருக்கிறது. உள்ளே புக ஒரு அடி எடுத்து வைத்தால், அந்த அடி முடிவதற்குள் நெற்றியில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கால் தானாகவே நின்றுவிட்டது. முன்னால் போ என்று மனசு சொல்கிறது, கால் கேட்கவில்லை.

அது யாரோ ஒரு பையனின் ஜாப். ஹோம்ஸ் 6 அடி 3 அங்குலம், கை வீச்சு 81 அங்குலம். டைசன் 5 அடி 10, வீச்சு 71. பத்து அங்குல வித்தியாசம். அதுவும் ஹெவிவெயிட்டில் வந்த ஜாப்களிலேயே முதல் வரிசையில் வைக்கிற ஜாப். டைசன் பட்டத்தில் இருந்தபோதே, 1987-இல், 6 அடி 5 அங்குல டோனி டக்கர் முழு 12 ரவுண்டும் நின்று காட்டினார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் எதை வைத்து டைசனை உடைத்தார்? முதல் ரவுண்டிலிருந்தே ஜாப். அடுத்தடுத்து ஜாப், பின்னாலேயே வலது கை. பத்தாவது ரவுண்டில் டைசன் தரையில் கைவைத்துத் தன் பல்காப்பைத் தேடியதை எல்லோரும் பார்த்தோம்.

'அப்போ நீயும் அதைத்தானே செய்கிறாய், 1990 டைசன் உச்சத்து டைசனா?' என்று கேட்பீர்கள். டைசனுக்கு அன்று 23 வயது. 23-ஐயும் 38-ஐயும் ஒன்றாக வைக்காதீர்கள். பயிற்சியாளர் மாறினார், வீட்டில் பிரச்சினை, சரியாகப் பயிற்சி எடுக்கவில்லை என்று டைசனுக்கு நீங்கள் அடுக்குகிற காரணங்களில் பாதியாவது ஹோம்ஸுக்கு அடுக்கியிருந்தால் நான் இந்தப் பதிவே எழுதியிருக்கமாட்டேன்.

'ஹோம்ஸ் சோதா ஆட்களோடு சண்டை போட்டே பட்டத்தைக் காப்பாற்றினார்' என்கிறார்கள். சில சண்டைகள் அப்படித்தான், மறுக்கவில்லை. 1983-இல் டிம் விதர்ஸ்பூனோடு நடந்த சண்டையில் மயிரிழையில்தான் ஜெயித்தார், மறுசண்டை கொடுத்திருக்கலாம். ஆனால் 20 முறை பட்டத்தைத் தக்கவைத்தவர். ஹெவிவெயிட்டில் அதற்கு மேல் அன்று இருந்தது ஜோ லூயிஸின் 25 மட்டும்தான். அந்த இருபதில் எர்னி ஷேவர்ஸும் உண்டு. 1979 செப்டம்பர், ஏழாவது ரவுண்ட், ஷேவர்ஸின் வலது கை. அந்தக் காலத்தில் அதைவிடக் கனமான கை இல்லை என்று வாங்கியவர்களே சொன்ன கை. மரம் சாய்கிற மாதிரி ஹோம்ஸ் விழுந்தார். எழுந்தார். கால் பின்னிக்கொண்டே அந்த ரவுண்டைக் கடந்தார். பதினொன்றாவது ரவுண்டில் ஷேவர்ஸை நிறுத்தினார். இந்தக் கிளிப்பை ஏன் யாரும் போடுவதில்லை?

1978 ஜூன் 9, நார்டனுடன் நடந்த சண்டையாவது பாருங்கள். பதினான்கு ரவுண்ட் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் சரிசமம். பட்டம் யாருக்கு என்று பதினைந்தாவது ரவுண்டின் மூன்று நிமிடம்தான் தீர்மானிக்க வேண்டும். இருவரும் தள்ளாடிக்கொண்டே அடித்துக்கொள்கிறார்கள், யாரும் பின்வாங்கவில்லை. ஹோம்ஸ் ஜெயித்தது ஒரே ஒரு புள்ளியில். அந்த மூன்று நிமிடத்தைப் பார்த்தவர் யாரும் ஹோம்ஸை நினைத்து அப்படிச் சிரிக்கமாட்டார்.

'கற்பனைச் சண்டைதானே, இதற்குப் போய் ஏன் டென்ஷன்?' இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். 1967-இல் பழைய சாம்பியன்களை வைத்து ஒரு கணினிப் போட்டி நடத்தி வானொலியில் ஒலிபரப்பினார்கள். அதில் அலி, ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. அலி என்ன செய்தார் தெரியுமா? தன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதன் தொடர்ச்சியாகத்தான் அலியையும் மார்சியானோவையும் நிஜமாகவே ரிங்கில் ஏற்றிப் படம் பிடித்தார்கள். மார்சியானோ உடம்பைக் குறைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்து நின்றார். படம் வெளிவருவதற்குள் விமான விபத்தில் இறந்தும் போனார். ரிங்கில் வாழ்ந்தவர்களே கற்பனைச் சண்டையை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டால் மட்டும் தப்பா?

உண்மையில் எனக்கு வலிப்பது ஓட்டெடுப்பு இல்லை. இந்த மனிதனுக்குக் கடைசிவரை யாரும் கைதட்டவில்லை என்பதுதான். அலியின் ஸ்பாரிங் கூட்டாளியாக இருந்து மேலே வந்தவர். தான் நேசித்தவரையே அடிக்க வேண்டிய நாள் வந்தது. அடித்தார், பிறகு அழுதார். உலகம் அலியை அடித்ததை மட்டும் மனதில் வைத்துக்கொண்டது. 1982-இல் ஜெரி கூனியோடு மோதியபோது நிறவெறியைத் தூண்டித் தூண்டி டிக்கெட் விற்றார்கள். சாம்பியனைக் கடைசியாக அறிவிப்பதுதான் வழக்கம், அன்று சாம்பியனை முதலில் அறிவித்துவிட்டுக் கூனியைக் கடைசியில் அறிவித்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு பதின்மூன்றாவது ரவுண்டில் ஜெயித்தார். 48 சண்டை தோல்வியே இல்லாமல் போய், மார்சியானோவின் 49-ஐத் தொட ஒன்றே ஒன்று இருக்கும்போது ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். அந்த இரவு மார்சியானோவைப் பற்றி வாய்தவறிப் பேசினார், பின்னால் மன்னிப்பும் கேட்டார். பேசியது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 42 வயதில், 1992-இல், தோல்வியே காணாத ரே மெர்சரை உட்காரவைத்துப் பாடம் நடத்தியது யாருக்கும் நினைவில்லை. மொத்தம் 75 சண்டையில் அவரைப் பாதியிலேயே அடித்து முடித்தது ஒரே ஒருவர், அதுவும் அந்த 1988 இரவில். அந்த ஒரு இரவைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள்.

அடுத்த ஓட்டெடுப்பு வைத்தால் எந்த வருடத்து ஹோம்ஸ், எந்த வருடத்து டைசன், எத்தனை ரவுண்ட் என்று எழுதிவிட்டு வையுங்கள். என் கணக்கு 1980 ஹோம்ஸ், ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்த 1988 ஜூன் டைசன், 15 ரவுண்ட். முதல் நான்கு ரவுண்டுக்குள் டைசன் ஒருமுறை ஹோம்ஸைக் கீழே தள்ளுவார். ஹோம்ஸ் எழுவார். ஆறாவது ரவுண்டிலிருந்து டைசனின் முகம் ஜாப்பில் வீங்க ஆரம்பிக்கும், பன்னிரண்டிலோ பதின்மூன்றிலோ நடுவர் நிறுத்துவார். ஒத்துக்கொள்ளாதவர்கள் கமெண்டில் காரணத்தோடு வாருங்கள், விடிய விடியப் பேசலாம். அந்தக் கிளிப்பைப் போட்டால் அழித்துவிடுவேன்.