1.83 மில்லியன்: லெங்கோங் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

சுங்கை சிப்புட் பக்கம் புலனக் குழுக்களில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றுகிறது. "பேராக் மனிதனுக்கு 1.83 மில்லியன் வயது, கார்பன் சோதனையில் நிரூபித்துவிட்டார்கள்" என்று. அந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள்.

பேராக் மனிதன் 1991இல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில், குவா குனோங் ருந்தோ குகையில் கிடைத்த எலும்புக்கூடு. வயது சுமார் 10,000 முதல் 11,000 ஆண்டு. நம்மைப் போன்ற முழு மனிதன்தான். முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, ஆற்று நத்தை ஓடுகளோடு புதைத்திருக்கிறார்கள். 1.83 மில்லியன் என்பது அதே பள்ளத்தாக்கில் உள்ள புக்கிட் புனோவின் கணக்கு. அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை, கோடரி என்று சொல்லப்படும் கற்கள் மட்டும்தான்.

அடுத்து கார்பன். செத்த உயிரின் எச்சத்தில் இருக்கும் கார்பன்-14 ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் பாதியாகக் குறையும். 50,000 ஆண்டைத் தாண்டினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே "மில்லியன்", "கார்பன்" இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அந்தப் பதிவை அங்கேயே நிறுத்திவிடலாம். குகையில் கார்பனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் மசாலா போட்டு உறிஞ்சித் தின்கிற அந்த ஆற்று நத்தை (சிப்புட்), சுண்ணாம்பு கரைந்த நீரிலிருந்து ஓடு கட்டுகிறது. பழைய சுண்ணாம்பில் கார்பன்-14 கிடையாது. அதனால் ஓடு, உண்மை வயதைவிடக் கிழடாகக் காட்டும். அதே மண் அடுக்கில் கரித்துண்டு கிடைத்தால் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

அப்படியானால் புக்கிட் புனோ கணக்கு எப்படி வந்தது? அங்கே விண்கல் விழுந்து பாறை உருகி, சூவைட் என்கிற பாறையானது. பாறைக்குள் இருக்கும் யுரேனியம் அணு தானாகப் பிளக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ரசாயனத்தில் அரித்து, நுண்ணோக்கியில் அந்தக் கீறல்களை எண்ணுவார்கள். கடும் வெப்பம் பழைய கீறல்களை அழித்துவிடுவதால், எண்ணிக்கை விண்கல் விழுந்த நாளிலிருந்து தொடங்கும். வெப்பம் போதாமல் பழைய கீறல் கொஞ்சம் தங்கினால் வயது கூடிப்போகும். கீறல் குறைவாக இருந்தால் பிழை பெருகும். இங்கே அறிவித்த பிழை 0.61 மில்லியன், அதாவது கூட்டியோ குறைத்தோ ஆறு லட்சம் ஆண்டுக்கு மேல்!

இன்னும் முக்கியமானது, அது பாறை உருகிய வயது. கோடரி செய்த வயது அல்ல. கோடரி சூவைட்டுக்குள் சிக்கியிருந்தால் அது பாறையைவிடப் பழையது. சூவைட்டையே உடைத்துச் செய்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அந்தக் கற்கள் மனிதக் கை பட்டவைதானா என்பதே ஆய்வாளர்களிடையே தீராத வாதம்.

எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த லூசி என்கிற ஆதி மனித இன எலும்புக்கூட்டுக்கும் எலும்பில் வயது பார்க்கவில்லை. எரிமலைச் சாம்பல் அடுக்கை ஆர்கான் முறையில் அளந்துதான் 3.2 மில்லியன் என்றார்கள். லெங்கோங்கிலும் சாம்பல் உண்டு: சுமார் 74,000 ஆண்டுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்துப் பறந்து வந்தது. கலையாத அடுக்காக இருந்தால், அதற்குக் கீழே உள்ளது அதைவிடப் பழையது. எனக்கு அந்த நேரடிக் கணக்கின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை லெங்கோங் காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறவர்கள், வயதை மட்டும் மனப்பாடம் செய்ய விடாதீர்கள். "எதை அளந்தார்கள், எலும்பையா, நத்தை ஓட்டையா, பாறையையா?" என்று வழிகாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள்.